ஃபேனை குறைச்சா ஏர்ஃப்ளோ ரீடிங் ஏன் ஆடுது?

250 பாஸ்கல் வரைக்கும் அளக்குற டிரான்ஸ்டியூசர் (பிரஷரை சிக்னலா மாத்துற சென்சார்), ஃபுல் ஸ்பீடுல சரியா காட்டுது, ஃபேனை குறைச்சா மட்டும் கண்டபடி ஆடுதுன்னு கேட்டிருக்கீங்க, பழுதுன்னு அவசரப்பட்டு கழட்டிடாதீங்க. அதோட சேர்ந்த பிட்டாட் ட்யூப் (டக்ட்ல, அதாவது காத்து போற பாதைல, காத்தை பாத்து நிக்கிற சின்ன குழாய்) தர்றது வேகம் இல்ல, பிரஷர் வித்தியாசம், அது வேகத்தோட ஸ்கொயர்ல போகும், அதனால டக்ட்ல காத்து செகண்டுக்கு 10 மீட்டர் ஓடினா சுமார் 60 பாஸ்கல் வரும், 2 மீட்டர்னா வெறும் 2.4 தான். டேட்டாஷீட்ல எரர் 1% ஃபுல் ஸ்கேல்னு அழகா போட்டிருப்பான், அதாவது மொத்த ரேஞ்ச் 250-ல 1%, அதுவே 2.5 பாஸ்கல், அளக்க வேண்டியதை விட எரர் பெருசு!

100 பாஸ்கல் ரேஞ்ச் மாத்தினா கொஞ்சம் தேவலை. எப்பவுமே மெதுவா ஓடுற டக்ட்னா தெர்மல் சென்சாருக்கு போயிடுங்க, அது சூடாக்கின தெர்மிஸ்டரை (சூட்டை உணர்ற சின்ன பார்ட்) காத்து எவ்வளவு ஆத்துதுன்னு பாக்கும். எதை மாட்டினாலும் வளைவை ஒட்டி வேண்டாம், அங்க காத்து சுழலும். எதையும் மாத்துறதுக்கு முன்னாடி டிரான்ஸ்டியூசர்ல மாட்டின ரெண்டு ட்யூபையும் உருவிட்டு ஜீரோ காட்டுதான்னு பாருங்க.