போனில் பேசுகிறவரும் பீடத்தில் நிற்கிறவரும்

கேள்வி: பல்லடம் பக்கத்தில் ஒரு சிறிய சபையில் ஊழியம் செய்கிறேன். சுமார் 60 குடும்பங்கள். பெரும்பாலோர் பனியன் கம்பெனியிலும் தறியிலும் வேலை பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதற்கு முன்பே யூடியூபில் இரண்டு பிரசங்கம் கேட்டுவிட்டு வருகிறார்கள். போன மாதம் ஒரு வாலிபர் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏனுங்கய்யா, நல்லாப் பேசறவங்க அத்தன பேரும் போன்லயே இருக்கறாங்க. அப்புறம் நீங்க எதுக்குங்க அரை மணி நேரம் பேசோணும்?" எனக்குப் பதில் வரவில்லை. பிரசங்கத்தைப் பத்து நிமிடமாகக் குறைக்கலாமா? நேரலை ஆரம்பிக்கலாமா? இல்லை, பெரிய ஊழியர்களின் வீடியோவைத் திரையில் போட்டுவிட்டு நான் ஜெபத்தை மட்டும் நடத்தலாமா?

பதில்: தம்பி, அந்த வாலிபர் கேட்டதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருகிறவர் இப்படிக் கேட்க மாட்டார். இவர் உங்களையும் கேட்டிருக்கிறார், போனில் பேசுகிறவரையும் கேட்டிருக்கிறார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். போனில் இருப்பவர்களில் பலர் உங்களையும் என்னையும்விட நன்றாகப் பேசுகிறார்கள் என்பதும் உண்மைதான். அதை ஒத்துக்கொண்டே ஆரம்பிப்போம்.

திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போட வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

புது ஊடகம் வந்து பிரசங்கத்தைக் கேள்விக்குள்ளாக்குவது இதுதான் முதல் தடவை என்று நினைக்காதீர்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி வெளிவந்தது. புத்தகம் கைக்கு வந்த பிறகு, அதை வாசித்து அர்த்தம் சொல்ல ஆள் முன்னைவிட அதிகமாகத் தேவைப்பட்டார்கள். தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனை, குறவஞ்சி என்று தமிழர் காதுக்குப் பழகிய வடிவங்களிலேயே வேதத்தைப் பாடிக் கொடுத்தார். அப்புறம் வானொலி வந்தது. 1970 முதல் 2003 வரை சேஷெல்ஸ் தீவுகளிலிருந்து ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலி சிற்றலையில் ஒலிபரப்பியது. அதில் தமிழ் நிகழ்ச்சிகளும் உண்டு. நிகழ்ச்சி முடிகையில் முகவரி சொல்லி, கடிதம் எழுதுங்கள் என்பார்கள். அந்த வரியைப் பற்றி நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். கடல் தாண்டிக் குரலை அனுப்ப முடிந்தவர்களுக்கும், அந்தப் பக்கம் யார் உட்கார்ந்து கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு கடிதம் வேண்டியிருந்தது.

யோவான் அப்போஸ்தலன் தன் இரண்டாம் நிருபத்தை முடிக்கிற விதத்தைப் பாருங்கள். எழுத நிறைய இருக்கிறது, ஆனால் காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, நேரில் வந்து "முகமுகமாய்ப்" பேசலாம் என்று நம்புகிறேன் என்கிறார். காகிதமும் மையும் அன்றைய ஊடகம். அதை அவர் வெறுக்கவில்லை, அதில்தான் எழுதுகிறார். ஆனால் அது எதுவரைக்கும் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் வாலிபர் ரோமர் 10:17-ஐ மனப்பாடமாகச் சொல்லக்கூடியவராக இருப்பார்: "விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்." இதில் கேள்வி என்றால் கேட்டல். திருக்குறளில் கேள்வி என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அதே பொருளில்தான். இன்றைய பேச்சில் கேள்வி என்றால் வினா. காதால் வாங்குவதற்கும் வாயால் வினவுவதற்கும் நம் மொழியில் ஒரே சொல். போனில் முதல் கேள்வி தாராளமாக நடக்கிறது. இரண்டாவதுக்கு அங்கே இடமில்லை. அடியில் கருத்து எழுதலாம், லட்சம் பேர் பார்க்கிற வீடியோவில் அதை யார் படிக்கப் போகிறார்கள்? உங்கள் வாலிபர் உங்களிடம் வந்து முகத்துக்கு நேராகக் கேட்டாரே, அதைப் போனில் இருக்கிற எந்தப் பிரசங்கியாரிடமும் அவரால் செய்ய முடியாது. உங்கள் ஊழியம் எங்கே இருக்கிறது என்பதை அவரே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவான் 10-ல் வாசிக்கிறோம். "இந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கிற உனக்கு இன்றைக்கு ஓர் அற்புதம்" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த "உனக்கு" யார் என்று அவருக்கே தெரியாது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களில் வேதத்தை ஆழமாகக் கற்றவர்கள் உண்டு. ஆனால் சொன்னது நடக்காமல் போனால், அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்காரப் போவது நீங்கள்தான். அவர் சொன்னதற்கும் சேர்த்து நீங்கள்தான் பதில் சொல்வீர்கள்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். வாலிப வயதில் தாராபுரம் பக்கம் ஒரு கிராமச் சபையில் இருந்தேன். மழை பொய்த்த வருஷம். பெரிய பிரசங்கியார் ஒருவரின் புத்தகத்திலிருந்து, கடலில் எழும்பிய புயலை இயேசு அடக்கியதைப் பற்றி அருமையான பிரசங்கம் ஒன்றை எடுத்துத் தமிழாக்கிப் பேசினேன். ஆராதனை முடிந்ததும் ஓர் ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தானுங்க சொன்னீங்க சாமி. நம்மூருக் கெணறு வத்தி நாலு மாசமாச்சுங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்தக் கிணற்றைத் தாண்டித்தான் நான் தினமும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் பிரசங்கத்தை நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். சனிக்கிழமை இரவு அதைப் படித்துப் பார்க்கும்போது, இதை அப்படியே சென்னையிலோ சிங்கப்பூரிலோ பேச முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தையும் மாற்றாமல் பேச முடியும் என்றால் அது இன்னும் உங்கள் சபைக்கான பிரசங்கமாகவில்லை.

உதாரணத்துக்கு மத்தேயு 20, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள். போனில் இதற்கு நூறு பிரசங்கம் கிடைக்கும். கிருபை என்றால் என்ன என்று அழகாக விளக்குவார்கள். உங்கள் சபையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சனிக்கிழமை சம்பளம் வாங்கி, அதில் வாரக் கடனுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தவர். ஒன்றரை ஷிப்ட் ஓட்டிக் கண் எரிகிற டெய்லர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர் நிற்குமோ என்று தூக்கம் கெட்டவர். ஏழெட்டுப் பேரை வைத்து ஜாப் வொர்க் எடுத்துச் செய்கிறவரும் அதே வரிசையில் இருக்கிறார். அவருக்கு மேலே இருந்து பணம் வரவில்லை, கீழே சம்பளம் கொடுத்தாக வேண்டும். சாயங்கால வேளையிலும் கடைத்தெருவில் நிற்கிறவர்களிடம் எஜமான், ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். இந்த ஒரு வரியை உங்கள் ஊரில் வாசித்துவிட்டு ஒரு நிமிடம் நிறுத்துங்கள். வேலை இல்லாமல் நிற்பதற்கும் சோம்பேறியாக நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் முழுக் கூலி இல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதும் தெரியும். எஜமான் கடைசியில் வந்தவனுக்கும் ஒரு பணம் ஏன் கொடுத்தான் என்பதை அவர்களே உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலை கொடுக்கிறவரும் வேலை செய்கிறவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்பது உங்கள் சபையில் நடக்கும். காதில் இயர்போன் மாட்டித் தனித்தனியாகக் கேட்கும்போது அது நடக்காது.

ஒரு எச்சரிக்கை. ஆளைத் தெரிந்து பேசுவது வேறு, ஆளைக் காட்டிக் கொடுப்பது வேறு. புதன்கிழமை ஒரு வீட்டில் அழுதுகொண்டே சொன்னதை ஞாயிற்றுக்கிழமை "ஒரு குடும்பத்தில்" என்று ஆரம்பித்தால்கூட, 60 வீடு உள்ள சபையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அது உங்கள் ஜெபத்தில் இருக்கட்டும்.

சரி, நீளம். பத்து நிமிடம் போதாது. நம் ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது, எல்லாரும் ரீல்ஸ் பார்த்துப் பழகிவிட்டார்கள் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அண்ணன்மார் கதை என்ற நம் கொங்கு நாட்டுக் கதைப்பாடலை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடக் கேட்ட நாடு இது. கதை எல்லாருக்கும் முன்பே தெரியும், இருந்தாலும் உட்கார்ந்தார்கள். பாடுகிறவர் எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்துப் பாடுவார். அதுதான் வித்தியாசம். அதற்காக நீட்டவும் கூடாது. பவுலே நெடுநேரம் பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்ததை அப்போஸ்தலர் 20-ல் எழுதி வைத்திருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் இருக்கும் சபையில் 20 முதல் 25 நிமிடம் சரியாக இருக்கும். ஒரு வேதபகுதி, ஒரு செய்தி. எட்டு வசனங்களுக்கு ஓட வேண்டாம். குரலும் உங்கள் குரலாக இருக்கட்டும். டிவி ஊழியர்களின் ஏற்ற இறக்கத்தைப் போட்டுப் பேசுகிற இளம் போதகர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வீட்டில் "வாங்க, உக்காருங்க" என்று இதமாகப் பேசுகிற பிள்ளை, பீடத்தில் ஏறியதும் வேறு யாரோ ஆகிவிடுகிறது.

நேரலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் ஆலயங்கள் மூடியபோது நாம் எல்லாரும் அவசரமாகக் கற்றுக்கொண்ட வேலை அது, அப்போது அது பெரிய உதவி. இப்போது யாருக்காக என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், ஞாயிறும் வேலைக்குப் போகிறவர்கள், கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளைகள், துபாயில் இருக்கும் மகன். 15 பேர் தேறினால் அவர்களுக்கு நேரலை தேவையில்லை. பிரசங்கத்தை மட்டும் ஒலிப்பதிவு செய்து மதியம் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று போதும். மண்டபத்தின் கடைசியில் போனை வைத்துப் பதிந்தால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். அனுப்பிய பிறகு அந்த வாரத்துக்குள் அவர்களில் மூன்று பேருக்காவது போன் போடுங்கள். பதிவு உங்களுக்கு முன்னால் போகட்டும், பின்னால் நீங்கள் போக வேண்டும்.

பொதுவில் யூடியூபில் போடுவதாக இருந்தால் கேமரா பீடத்தை மட்டும் பார்க்கட்டும். ஜெப விண்ணப்ப நேரத்தில் கண்டிப்பாக நிறுத்திவிடுங்கள். இன்னார் மகளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று உலகத்துக்கே சொல்ல நமக்கு உரிமை இல்லை. பிள்ளைகள் முகம் வேண்டாம். அடுத்த மதத்தாரைப் பற்றி எங்கேயும் இளக்காரமாகப் பேசக் கூடாது, நேரலையில் பேசியது 30 விநாடித் துண்டாக வெட்டப்பட்டு ஊர் சுற்றும். இன்னொரு ஆபத்து உங்களுக்கே. எத்தனை பேர் எந்த நிமிடத்தில் விலகிப் போனார்கள் என்று யூடியூப் ஒரு கோடு போட்டுக் காட்டும். பாவம், மனந்திரும்புதல், மன்னிப்பு என்று பேசுகிற இடத்தில் அந்தக் கோடு இறங்கலாம். அடுத்த வாரம் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் தவிர்க்கத் தோன்றும். ஆகவே அந்தக் கணக்கை வேறு ஒருவர் பார்க்கட்டும், நீங்கள் பார்க்க வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவில் பிரசங்கம் எழுதி வாங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. அது தரும் மேற்கோள்களில் இல்லாததும் வரும், சரிபார்க்காமல் பேசாதீர்கள். பிரசங்கத்தையே அதனிடம் வாங்கினால், நான் தாராபுரத்தில் செய்த தப்பையே இன்னும் வேகமாகச் செய்வீர்கள்.

அந்த வாலிபருக்கு இப்போது என்ன பதில்? வாதாட வேண்டாம். புதன்கிழமை இரவு ஐந்தாறு பேரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அவரையும் சேர்த்து. அடுத்த ஞாயிறு வேதபகுதியை வாசியுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். புரியாதது எது, உறுத்துகிறது எது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் போனில் கேட்ட பிரசங்கத்தைப் பற்றிப் பேசினால் பேசட்டும். அந்த ஊழியர் சொன்ன வாக்குத்தத்தம் அந்த வசனத்தில் இருக்கிறதா, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து திறந்து பாருங்கள். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிப் பார்த்தார்கள், அவர்களை வேதம் மெச்சுகிறது. உங்கள் பிரசங்கத்தையும் அப்படிச் சோதிக்க அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

மத்தேயு 20-லிருந்தே ஆரம்பிக்கலாம். அவருக்கு இரவு ஷிப்ட் இல்லாத வாரமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.