ஆடம்பரமில்லாத பழைய மை பேனாக்களை அன்றாடம் எழுதப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். பளபளப்போ வேலைப்பாடோ இன்றி, தினமும் எழுதுவதற்கென்றே பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஊற்றுப் பேனாக்களைத்தான் இங்கே குறிப்பிடுகிறேன். 1941இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51 இதற்கு நல்ல சான்று: அதன் நிப்பில் நுனி மட்டுமே வெளியே தெரிய, மீதி முழுவதும் கூட்டுக்குள் மறைந்திருப்பதால், அடுத்த வரியை யோசிக்கும் நேரத்தில் மூடாமல் வைத்திருந்தாலும் மை எளிதில் உலர்ந்துவிடுவதில்லை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி ஏற்றுவதைப் போல, நிப்பின் நடுவிலுள்ள மெல்லிய பிளவு மையைத் தானாகவே தாளுக்குக் கொண்டுவருகிறது. ஆகவே அழுத்தி எழுத வேண்டியதில்லை, நெடுநேரம் எழுதினாலும் விரல்கள் எளிதில் சோர்வதில்லை.

என்னைக் கேட்டால், தினமும் எழுதுவதே இவற்றுக்குச் சிறந்த பராமரிப்பு. மை காய்ந்து அடைத்துக்கொள்வது பெரும்பாலும் இழுப்பறையில் கிடக்கும் பேனாவில்தான். அவ்வப்போது வெறும் தண்ணீரால் அலசினால் போதும். அரக்கு கலந்த ஓவிய மையை மட்டும் ஊற்றவே கூடாது, அது உள்ளே இறுகிவிடும்.

பழைய பேனா என்றாலே ஒழுகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளிருக்கும் ரப்பர் பையோ சவ்வோ நாட்பட்டு இறுகி வெடித்திருப்பதே அதற்குக் காரணம், அதை மாற்றிவிட்டால் பேனா மீண்டும் ஒழுங்காக எழுதும்.