எரிகோ அரண்மனையைக் கட்டியவர் ஹிஷாமா, வலீதா?

பாலஸ்தீனத்தின் எரிகோ அருகே உள்ள பழைய அரண்மனையைக் கட்டியவர் யார் என்பதில், ஒரு நூல் உமையா கலீபா ஹிஷாம் என்றும் இன்னொன்று அவருக்குப் பின் வந்த கலீபா இரண்டாம் வலீத் என்றும் சொல்வதால் உங்கள் கட்டுரை நின்றுபோயிற்று என்கிறீர்கள். இரண்டு நூல்களுமே காரணத்தோடுதான் சொல்கின்றன.

எரிகோவுக்கு வடக்கே, இந்த அரண்மனையின் இடிபாடுகள் உள்ள கிர்பத் அல்-மஃப்ஜரை 1930களில் தொல்லியலாளர் பராம்கி அகழ்ந்தபோது, ஹிஷாமின் பெயர் எழுதிய பளிங்குத் துண்டு கிடைத்தது. 'ஹிஷாம் அரண்மனை' என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். ஆனால் அந்தத் துண்டு காலத்தைத்தான் காட்டுகிறது, கட்டியவரை அல்ல. அங்கே அகழ்ந்த இன்னொரு தொல்லியலாளர் ஹாமில்டனோ, குளியல் மண்டபத்தின் ஆடம்பரத்தைப் பார்த்து, கவிதையிலும் மதுவிலும் திளைத்த வலீதின் மாளிகை இது என்று வாதிட்டார். எனக்கு அது கவர்ச்சியான ஊகம் மட்டுமே. "ஹிஷாம் காலத்தது (724–743), கட்டியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு" என்று எழுதுங்கள்.

மண்டபத்தை ஒட்டிய சிற்றறையின் தரை ஓவியத்தை விட்டுவிடாதீர்கள். பழம் தொங்கும் மரத்தின் ஒருபுறம் இரண்டு மான்கள் அமைதியாக மேய்கின்றன. மறுபுறம் சிங்கம் ஒன்று மானைக் கவ்வுகிறது. வண்ணக் கற்களால் இப்படி உயிர்கொடுத்த கைகளை நினைத்தால் சிலிர்க்கிறது!

749 நிலநடுக்கத்தோடு எல்லாம் முடிந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உமையாக்களை அடுத்து ஆண்ட அப்பாசியர் காலத்திலும் மக்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.