நட்சத்திரக் காற்று என் கேமராவில் சிக்குமா?

கேள்வி: மதுரையில் 6 அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். மில்லிமீட்டருக்கு 100 கோடு உள்ள கிரேட்டிங்கை (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு) பொருத்தி ஜீட்டா பப்பிஸ் என்ற நட்சத்திரத்தைப் படமெடுத்தேன். அதிலிருந்து பலத்த காற்று வீசுகிறது என்கிறார்கள். நிறமாலையிலோ ஒன்றும் தெரியவில்லை. கிரேட்டிங்கில் குறையா?

பதில்: கிரேட்டிங்கில் குறையில்லை. நட்சத்திரத்தை மாற்றுங்கள்.

ஜீட்டா பப்பிஸிலிருந்து வாயு நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் வெளியேறுகிறது. அதைத் தள்ளுவது நட்சத்திரத்தின் ஒளியேதான். வாயுவிலுள்ள கார்பன், நைட்ரஜன், இரும்பு அயனிகள் தமக்குரிய அலைநீள ஒளியை மட்டும் உறிஞ்சி உந்தப்படுகின்றன. அந்த ஒளி தீர்ந்தால் உந்துதலும் நின்றுவிட வேண்டுமே? நிற்பதில்லை. வாயு வேகம் பிடிக்கப் பிடிக்க, டாப்ளர் விளைவால் (வேகத்துக்கேற்ப அலைநீளம் மாறித் தெரிவது) அது உறிஞ்சும் இடம் நிறமாலையில் நகர்ந்து, அதுவரை தொடப்படாத ஒளி கிடைத்துக்கொண்டே போகிறது. இந்தத் துறையில் இதைவிட அழகான விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இதன் அடையாளம் பெரும்பாலும் புற ஊதாவில்தான் பதிகிறது. அதை ஓசோன் மறைத்துவிடும். 1960-களில் ராக்கெட்டில் கருவி அனுப்பித்தான் ஓரியன் நட்சத்திரங்களின் காற்றையே பார்த்தார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது காமா வெலோரம். வெறுங்கண்ணுக்கே தெரியும் வுல்ஃப்-ராயே நட்சத்திரம், அதாவது மிக அடர்ந்த காற்றை வீசும் வகை. காற்று பல மடங்கு அடர்த்தி என்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே பளிச்சென்ற உமிழ்கோடுகள் (நிறமாலையில் பிரகாசமாகத் தெரியும் கோடுகள்) வரும். மார்ச் இரண்டாம் வாரம் இரவு 9 மணி வாக்கில் நேர் தெற்கே, சுமார் 33 பாகை உயரத்தில் இருக்கும். அகத்திய நட்சத்திரத்துக்கு இடப்பக்கம். உங்கள் ஜீட்டா பப்பிஸ் அதற்கு 7 பாகை மேலே. இரண்டையும் ஒரே இரவில் எடுத்து ஒப்பிடுங்கள்.

465 நானோமீட்டர் அருகே நீலத்தில் ஒரு கோடு, 570, 581 அருகே மஞ்சளில் இரண்டு. மூன்றும் பெரும்பாலும் கார்பன். படத்தில் எந்த இடம் எந்த அலைநீளம் என்று அளவுக்குறி வைக்க சிரியஸை எடுங்கள். அதன் ஹைட்ரஜன் கோடுகள் 434.0, 486.1-இல் இருக்கும்.

அப்புறம் ஒன்று. காமா வெலோரத்துக்கு 41 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை) தள்ளி மங்கலான துணை உண்டு. இரு நிறமாலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி கிரேட்டிங்கைச் சுழற்றிக்கொள்ளுங்கள். கோட்டின் உச்சி வெளுத்துவிடாமல் எக்ஸ்போஷரைக் குறைத்தே வையுங்கள். காற்று நம்மை நோக்கியும் எதிர்ப்பக்கமும் வீசுவதால் கோடு இருபுறமும் அகன்றிருக்கும். 570 கோட்டின் அடி அகலம் ஏறக்குறைய 6 நானோமீட்டர் வந்தால், அதில் பாதியை 570-ஆல் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்குங்கள்: நொடிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர். அதுதான் காற்றின் வேகம்.