நூலக வரிக்குப் பின்னால் இருக்கும் கோவைக்காரர்

கேள்வி: உங்கள் பகுதியைச் சேர்ந்த, வெளியே அதிகம் பேசப்படாத ஒரு அரசியல்வாதியைப் பற்றிச் சொல்ல முடியுமா?

என் பதில் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். கோவையில் யாரிடம் கேட்டாலும் "அது மகளிர் காலேஜ் பேராச்சே" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும், ரூபாய்க்குப் பத்து பைசா கணக்கில். அந்த வரிக்கு அடிப்படை 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்காகப் பல வருடம் அலைந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், அது நிறைவேறியபோது சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம். அரசு மனமுவந்து ஒதுக்கும்போது மட்டும் நூலகம் நடக்கும் என்று விடாமல், ஊர் மக்கள் கட்டும் வரியிலிருந்தே அதற்குப் பணம் வரும்படி செய்தார்கள். நான் படித்த கிளை நூலகமும் அந்தக் காசில் நடந்ததுதான்.

அங்கே கண்ணாடி அலமாரிக்குள் தடித்தடியாகக் கலைக்களஞ்சியம் இருந்தது. வீட்டுக்குத் தர மாட்டார்கள். நூலகர் ஐயா சாவி போட்டுத் திறந்து ஒரு தொகுதியை மேஜைமேல் வைத்துவிட்டு, "கையைத் துடைச்சுட்டுத் தொடு கண்ணு" என்பார். ஒன்றைத் தேடிப் போய் அதற்குப் பக்கத்தில் இருக்கும் நாலு விஷயத்தையும் படித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவேன். தமிழில் முதல் நவீன கலைக்களஞ்சியம் அது. அவினாசிலிங்கம் 1946-ல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம்தான் அதை வெளியிட்டது. முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். முதல் தொகுதி 1954-ல் வந்தது, பத்தாவது 1968-ல். அவினாசிலிங்கம் அமைச்சர் பதவியை விட்டது 1949-ல்! பதவி போன பிறகும் இத்தனை வருடம் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு முடித்தாரே, அதுதான் எனக்கு இவர்மேல் இருக்கும் மரியாதைக்கு முதல் காரணம்.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமாக: 1903-ல் திருப்பூரில் பிறந்தார், வக்கீலுக்குப் படித்தார், சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். சென்னை மாகாணத்தின் முதல்வர்களாக இருந்த பிரகாசம், ஓமந்தூரார் இரண்டு பேர் அமைச்சரவையிலும் கல்வித் துறை இவரிடம்தான். அப்புறம் மக்களவை, மாநிலங்களவை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்தையும் கல்விக்கே கொடுத்துவிட்டார். 1930-ல் அவர் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் பள்ளி, கல்லூரி என்று பெரிதாக நிற்கிறது. தூரனும் அங்கே ஆசிரியராக இருந்தவர்தான். முதலில் சொன்ன, அவினாசிலிங்கம் பெயரில் இருக்கும் கோவை மகளிர் கல்லூரி 1957-ல் வந்தது, 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது.

எல்லாவற்றையும் புகழ முடியாது. 1948-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று வந்ததும் இவர் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான். பெரியாரும் அண்ணாவும் எதிர்த்துப் போராடினார்கள், மறைமலையடிகளும் எதிர்த்தார். பின்னால் அரசு இறங்கி வரவேண்டியதாயிற்று. உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் வழியில் பாடம் நடக்க வேண்டும் என்று பாடுபட்ட ஒருவர் இதில் மட்டும் ஏன் ஊர் மனசைப் படிக்கத் தவறினார் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் அந்த ஒரு தவறுக்காக மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவது நியாயமில்லை.

சரி, கலைக்களஞ்சியத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: இப்போது அலமாரிச் சாவி தேவையில்லை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலேயே அது இருக்கிறது. காசு கட்ட வேண்டியதில்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திறங்கள்.