பேச்சாளர் வேண்டாம், டீச்சர்

வணக்கம் சார்,

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். பதினான்கு வருட சர்வீஸ். போன வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் நன்றாக வந்தது, கேட்டில் பேனர் கட்டினோம். ஜூலையில் யார் யார் எங்கே சேர்ந்தார்கள் என்று விசாரித்தபோதுதான் பேனர் கட்டியது கூச்சமாகிவிட்டது. நிறைய பேர் எங்கேயும் விண்ணப்பிக்கவே இல்லை. ஒருவன் பைபாஸ் ஹோட்டலில் பரோட்டா அடிக்கிறான். கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் எடுத்தவன். ஒரு பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது.

இப்போது இருக்கும் வகுப்பில் மரியாதை என்பதே இல்லை. முடி வெட்டச் சொன்னால் முறைக்கிறான். "என்ன பண்ணிடுவீங்க டீச்சர்?" என்று நேராகக் கேட்கிறான். கம்பு எடுக்கக் கூடாது, திட்டவும் கூடாது. பெரிய பேச்சாளர் ஒருவரை வரவழைத்தோம். பிள்ளைகள் அழுதார்கள், கை தட்டினார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி. நீங்கள் வந்து ஒரு மணிநேரம் பேசினால் நன்றாக இருக்கும் என்று எங்கள் எச்.எம். நினைக்கிறார். மரியாதையும் லட்சியமும் உள்ள, கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளை உருவாக்கும் பள்ளியாக இதை மாற்ற முடியுமா?

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருந்தார். எடுத்துவிட்டேன்.)

*

அன்புள்ள டீச்சருக்கு,

நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பேச்சாளரைவிட நான் சுமாராகத்தான் பேசுவேன், என் பேச்சுக்கு யாரும் அழக்கூட மாட்டார்கள். அம்மா அப்பா படும் கஷ்டத்தைச் சொல்லி அழவைப்பது சுலபம். அந்தப் பையனுக்கு அது ஏற்கெனவே தெரியும், தினமும் வீட்டில் பார்க்கிறான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு அடுத்து எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போகவேண்டும் என்பதுதான் தெரியாது. அதை எந்தப் பேச்சாளரும் சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் 'ஜூலை'. மே மாதம் ரிசல்ட் வருகிறது. பேனர். அதன்பிறகு ஜூலை வரை பள்ளி அந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இது உங்கள் தவறு இல்லை. ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்கப்படுவது தேர்ச்சி சதவீதம். 2025-இல் மாநிலத்தின் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயதுள்ளவர்கள் நூறு பேருக்குக் கல்லூரியில் எத்தனை பேர் என்ற கணக்கு, மத்திய அரசின் 2021-22 புள்ளிவிவரப்படி தமிழ்நாட்டில் 47. இந்தியச் சராசரி 28.4. நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். இரண்டும் வேறு வேறு கணக்குகள் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த 95-க்கும் இந்த 47-க்கும் நடுவில்தான் உங்கள் பரோட்டா பையன் நிற்கிறான்.

சதவீதத்துக்காக நடக்கும் பள்ளி பிள்ளைகளை எப்படிப் பார்க்கும்? காலாண்டு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' பட்டியல் தயாராகிவிடும். அவர்களுக்கு மினிமம் மெட்டீரியல், மாலை வகுப்பு. மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "இதை மட்டும் படி, முப்பத்தஞ்சு வந்துடும்." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். பையனின் காதில் வேறு மாதிரி விழுகிறது: என் விலை முப்பத்தைந்து. விலை குறித்த பிறகு அவனிடம் லட்சியம் எங்கே என்று கேட்கிறோம்.

மரியாதை பற்றி நீங்கள் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது என் ஒன்பதாம் வகுப்பு. வருஷத்துக்கு ஒரு நாள் கிளார்க் ஒரு நீளமான நோட்டோடு வகுப்புக்கு வருவார். "ஸ்காலர்ஷிப் வாங்கறவங்கல்லாம் எழுந்திரு." ஏழெட்டுப் பேர் எழுந்திருப்பார்கள். அவர் நிதானமாக எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருக்கவேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒவ்வொரு முறையும் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அதுவரை எங்களில் பலருக்கு யார் என்ன ஜாதி என்று தெரியாது. அன்றைக்குப் பள்ளியே சொல்லிக் கொடுத்தது. கிளார்க் கெட்டவர் அல்ல, எனக்கு ஒருமுறை நடராஜா பென்சில் கொடுத்திருக்கிறார். நின்றுகொண்டிருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் பையனை ஜாதி வெறியில் அவன் வீட்டுக்குள் புகுந்து சக மாணவர்களே வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஜாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றுக்குத் தடை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லோரும் சண்டை போட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டவை சின்ன விஷயங்கள். மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வையுங்கள். வருகைப் பதிவேட்டில் ஜாதி தெரியும்படி எந்தக் குறிப்பும் வேண்டாம். இதற்கெல்லாம் நீங்கள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை முதல் பீரியடில் இடம் மாற்றி உட்கார வைத்துவிடலாம். உதவித்தொகைப் படிவத்தை இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு வாங்கலாம். 'டேய் கடைசி பெஞ்சு' என்பதற்குப் பதில் பெயர். அறுபது பேர் இருந்தாலும் ஒரு மாதத்தில் பெயர் மனப்பாடமாகிவிடும், தனிம வரிசை அட்டவணையே உங்களுக்கு மனப்பாடம்.

கம்புக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அது பதினான்கு வயது வரைதானே, என் பையன்களுக்குப் பதினேழு என்று நீங்கள் வாதிடலாம். வேண்டாம் டீச்சர். எங்கள் கணக்கு வாத்தியார் மூங்கில் குச்சி வைத்திருந்தார். வராண்டாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கும். அவர் லீவில் போன ஒரு வாரம் நாங்கள் செய்த அழிச்சாட்டியத்தில் கரும்பலகையின் ஸ்டாண்டு உடைந்தது. அதை மரியாதை என்று இன்றைக்கும் எங்கள் செட்டில் சிலர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். ஸ்டாண்டை உடைத்ததே அவர்கள்தான்.

"என்ன பண்ணிடுவீங்க?" என்று அவன் கேட்டது திமிர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒருமுறை அதை நிஜமான கேள்வியாக எடுத்துப் பாருங்கள். எனக்காக நீங்கள் என்ன செய்வீர்கள்? பதில் சொல்ல வழி இருக்கிறது. விடைத்தாளை ஒரு வாரத்தில் திருத்திக் கொடுப்பது ஒரு பதில். பத்து நிமிஷம் தாமதமாக வகுப்புக்கு வந்தால் 'சாரிப்பா' என்று சொல்வது இன்னொன்று. 'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி உங்கள் பள்ளியிலும் இருக்கவேண்டும். கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள். சாவி எங்கே என்று தேடுவார்களேயானால், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். வாராவாரம் திறந்து, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது எழுதியிருந்தால் சரிசெய்துவிட்டு பிரேயரில் அறிவியுங்கள். முடிவெட்டு விஷயத்தை இந்த ஒரு வருஷம் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நானும் எண்பதுகளின் கடைசியில் காது மறைய முடி வைத்திருந்தவன்.

அப்புறம் ஒரு சந்தேகம். மதியத்துக்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ பையன்கள் மேஜைமேல் படுத்துக்கொள்கிறார்கள், ஆர்வமே இல்லை என்று எல்லாப் பள்ளியிலும் சொல்கிறார்கள். சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினாறு வயதில், பசி அதிகமாகும் நேரத்தில். எத்தனை பேர் டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறார்கள் என்று ஒருநாள் சும்மா எண்ணிப் பாருங்கள்.

ஊக்கம் எப்படி வரும் என்றால், நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களாக மே, ஜூனில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட உதவி செய்கிறோம். ஒருமுறை, முந்தின வருஷம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்த பெண் தன் தம்பிக்காக வந்திருந்தாள். கழுத்தில் ஐடி கார்டு. அங்கிருந்த பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். கேட்ட கேள்விகளை நான் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா, இங்கிலீஷ்லயே நடத்துவாங்களா? புரியலைன்னா கேக்கலாமா? சேர்ற அன்னிக்கு எவ்ளோ பணம் எடுத்துட்டுப் போகணும்? பஸ் பாஸ் எப்ப தருவாங்க? ஹாஸ்டல்ல பாத்ரூம் உள்ளயே இருக்குமா? சுடிதார் தினமும் வேற வேற போடணுமா? லட்சியத்தைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. கடைசிக் கேள்விக்கு அவள் சிரித்துவிட்டு, "என்கிட்ட மூணு செட்டுதான்டி இருக்கு" என்றாள். அப்போது அந்த முகங்களில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போகலாம் போலிருக்கே, நம்மாலும் முடியும் போலிருக்கே என்கிற முகம்.

பேச்சாளருக்குக் கொடுத்த சால்வைப் பணத்தில் போன வருஷ மாணவர்கள் நாலு பேருக்கு பஸ் செலவு கொடுத்து வரவழையுங்கள். டாக்டருக்குப் படிப்பவன்தான் வேண்டும் என்று தேடாதீர்கள். பாலிடெக்னிக் பையன், நர்சிங் பெண், முதல் செமஸ்டரில் ரெண்டு அரியர் வைத்தவன். அந்த அரியர்காரனை அவசியம் கூப்பிடுங்கள். ஆசிரியர்கள் வெளியே போய்விட்டால் இன்னும் நல்லது.

இனி காகிதம். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. நூலகத்துக்கு வந்த ஒரு பெண், நல்ல மார்க், பொறியியல் கலந்தாய்வுக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்திருந்தாள். அவளிடம் போன் இல்லை, கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிட்டார். ஓடிபி எல்லாம் அவருக்குப் போனது. எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்தியதும் அவரே. அவள் கேள்வியே பட்டிராத கல்லூரி ஒன்று கிடைத்தது. வீட்டிலிருந்து நூற்றி எண்பது கிலோமீட்டர். அப்பா அனுப்பவில்லை. அவ்வளவு மார்க்கையும் ஒரு போன் நம்பர் தின்றுவிட்டது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்றவற்றில் 2021-இலும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் சேரும் பொறியியல் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வனில் 2024 ஆகஸ்டிலிருந்தும் மாதம் ஆயிரம் ரூபாய். முதல் பட்டதாரிச் சலுகை அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், நடுவில் எட்டாவது வேறு ஊரில் படித்தவன் அந்தப் பள்ளியின் சான்றுக்காகக் கோடை விடுமுறையில் பூட்டிய கேட்டின் முன் நிற்கிறான். ஜாதிச் சான்றில் அப்பா பெயருக்கு ஓர் இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல்.

இந்த வேலையை எல்லாம் பிளஸ் ஒன் அரையாண்டு விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஜாதி, வருமான, இருப்பிட, முதல் பட்டதாரிச் சான்றுகள், ஆதார், வங்கிப் புத்தகம். அவனுடைய சொந்த மின்னஞ்சல், கடவுச்சொல் அவனுக்கே ஞாபகம் இருக்கும்படி. எல்லோருக்கும் ஃபைல், மெல்லக் கற்போருக்கும்தான். முப்பத்தைந்துக்கு மேல் உன்னிடம் எதிர்பார்க்கவில்லை என்று கேட்டுப் பழகியவன் கையில் 'கல்லூரி' என்று எழுதிய ஃபைல் இருந்தால் அவன் நடையே மாறும் என்று நம்புகிறேன். நான் முதல்வன், கல்லூரிக் கனவு என்று அரசுத் திட்டங்கள் இருக்கின்றன, கையேடுகளும் வருகின்றன. அவை பீரோவுக்குள் போகாமல் இந்த ஃபைலுக்குள் வரவேண்டும்.

உங்கள் பாடத்துக்குள் நான் மூக்கை நுழைக்கக் கூடாது, இருந்தாலும் ஒன்று. கல்லூரியில் சேர்ந்து முதல் செமஸ்டரிலேயே வீடு திரும்புகிறவர்களும் உண்டு. வினா-விடையை மட்டுமே படித்து வந்தவனுக்கு ஒரு பக்கத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் இருப்பதில்லை, ஆங்கிலத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். வாரம் ஒரு பீரியட், நோட்ஸ் எதுவும் தராமல், பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம். படித்துவிட்டு ஆளுக்கு மூன்று கேள்வி எழுதட்டும், புரியாத இடத்தைப் பற்றி. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். அந்த வருஷத்தை இதற்கு வைத்துக்கொள்ளலாம். பதினொன்றாம் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. முன்பு அப்படி நடந்ததால்தானே 2017-18-இல் அந்தத் தேர்வையே கொண்டுவந்தார்கள்.

கடைசியாக அந்தப் பரோட்டா பையன். ஹோட்டல் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை, நல்ல மாஸ்டருக்கு நல்ல சம்பளமும் உண்டு. ஆனால் அது அவன் தேர்ந்தெடுத்ததா, வேறு வழி தெரியாமல் நின்ற இடமா என்று யாராவது கேட்டிருக்கவேண்டும். போன வருஷம் பாஸானவர்களும் இந்த வருஷம் விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் படித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதை அவனிடம் நீங்களே சொல்லுங்கள், கெமிஸ்ட்ரி மார்க்கை ஞாபகம் வைத்திருப்பவர் நீங்கள்தானே. போன் நம்பர் மாறியிருந்தாலும் கடை எங்கே என்று தெரியும். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து, மாலைக்கு மாவு பிசைய உட்காருவதற்கு முன்னால், மூன்று மணி வாக்கில் போனீர்கள் என்றால் அவனால் கொஞ்ச நேரம் பேசமுடியும்.