‘தி ஜிஞ்சர் மேன்’ நாவல் அயர்லாந்தில் ஏன் தடை செய்யப்பட்டது?

அமெரிக்க எழுத்தாளர் ஜே. பி. டான்லீவியின் நகைச்சுவை நாவல் இது. 1955-இல் பாரிசில் வெளிவந்தது. நாயகன் செபாஸ்டியன் டேஞ்சர்ஃபீல்டு, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் படிக்க வந்த அமெரிக்கன். படிப்பைத் தவிர மற்றதெல்லாம் செய்கிறான். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருக்க, கிடைத்த பொருளை அடகு வைத்துக் குடிக்கிறான், கண்ட பெண்கள் பின்னால் போகிறான்.

அயர்லாந்தில் 1929 முதல் நூல் தணிக்கைச் சட்டம் இருந்தது. ஒரு புத்தகத்தின் பொதுப்போக்கு ஆபாசம் என்று தணிக்கைக் குழு கருதினால், அதை நாட்டில் விற்க முடியாது. இந்த நாவல் அதில் சிக்கியது. 1959-இல் டப்ளின் கெய்ட்டி அரங்கில் போட்ட நாடக வடிவமும் திருச்சபை எதிர்ப்பால் மூன்றே முறை மேடையேறியதோடு நின்றது.

போதாக்குறைக்கு, பதிப்பாளர் ஒலிம்பியா பிரஸ் இதைத் தன் காமக்கதை வரிசையிலேயே சேர்த்துவிட்டது. நல்ல பால்கோவாவைக் கள்ளுக்கடையில் வைத்து விற்றால் ஊர் என்ன சொல்லும், அப்படி! டான்லீவி கொதித்துப்போய் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, கடைசியில் அந்தப் பதிப்பகமே அவர் கைக்கு வந்தது.

எனக்கு இதில் பிடித்தது நடைதான். ‘அவன்’ என்று போகும் வரி சட்டென்று ‘நான்’ ஆகிவிடும்; குடிகாரனின் தலைக்குள்ளேயே நாம் உட்கார்ந்திருப்போம்.

தடை செய்யப்பட்டதால் இது வெறும் காமக்கதை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பக்கங்களை நிறைப்பது பணமுடையும் தனிமையும் சாவு பயமும்தான்.